தோட்டப் பாடசாலையில் ஒரு வாரம்: தரம் ஒன்றுப் பிள்ளை எதைக் கற்கிறது?

"பள்ளிக்கூடத்துக்கு வெளையாடவா அனுப்புறோம், டீச்சர்?" மலையகத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் தரம் ஒன்றுக்குப் பொறுப்பாக இருக்கும் எந்த ஆசிரியையும் ஆண்டுக்கு ஒரு தடவையேனும் எதிர்கொள்ளும் கேள்வி இது. பாடசாலை தொடங்கி இரண்டு மாதங்களாகியும் பிள்ளையின் கொப்பியில் இரண்டு பக்கங்கூட நிரம்பவில்லை. வீட்டுக்கு வந்தால் ஆட்டத்தையும் பாட்டையும் பற்றியே கதைக்கிறது. பக்கத்து லயத்துப் பிள்ளை தனியார் வகுப்புக்குப் போய் 'அ' முதல் 'ஃ' வரை எழுதிக் காட்டுகிறது. தாய் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. கல்வியைத் தவிரத் தோட்டத்திலிருந்து வெளியேற வேறு பாதை இல்லை என்பதை அனுபவத்தால் அறிந்தவர் அவர். ஆகவே அவருக்குரிய பதில் "உங்களுக்கு விளங்காது" என்பதாக இருக்க முடியாது. வகுப்பறையில் உண்மையில் என்ன நடைபெறுகிறது, ஏன் அவ்வாறு நடைபெறுகிறது என்பதை விளக்கவே இக்கட்டுரை முற்படுகிறது.

முதலில் சிறிது பின்னணி. 1997 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தங்கள் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாக வகுத்தன. தரம் 1, 2 முதலாவது நிலை. தரம் 3, 4 இரண்டாவது. தரம் 5 மூன்றாவது. 1998 இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகவும் 1999 இல் நாடு முழுவதிலும் இவை தரம் ஒன்றில் நடைமுறைக்கு வந்தன. கற்றல் மூன்று வழிகளில் நிகழவேண்டும் என்பது இவற்றின் அடிப்படை: வழிப்படுத்தப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசையில் அமர்ந்து செய்யும் எழுத்துவேலை. முதலாவது நிலையில் விளையாட்டுக்கே பெரும் பங்கு; மேலே செல்லச் செல்ல எழுத்துவேலையின் பங்கு கூடும். அண்மையில் அறிவிக்கப்பட்ட புதிய சீர்திருத்தமும் 2026 ஆம் ஆண்டுக்கெனத் தரம் 1 ஐயும் 6 ஐயுமே தொடக்கமாகத் தெரிவு செய்தது. ஆகவே, கொப்பி நிரம்பாமைக்கு ஆசிரியையின் சோம்பலைக் காரணம் காட்ட முடியாது. கலைத்திட்டமே அவ்வாறு அமைந்திருக்கிறது.

இங்கு நாம் விவரிக்கும் வாரம் குறிப்பிட்ட ஒரு பாடசாலையின் நாட்குறிப்பு அன்று. கலைத்திட்டம் எதிர்பார்க்கும் ஒழுங்கில், ஹட்டன், நுவரெலியா வலயங்களில் நன்கு நடைபெறும் வகுப்பொன்றில் காணக்கூடிய ஒரு வாரம்.

திங்கட்கிழமை. தாய் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் பிள்ளையை அதிகாலையிலேயே எழுப்பிவிட்டிருப்பார். தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் புல்வெளிகளில் துகள் பனி உறையும் காலை அது. ஐந்து வயதைக் கடந்த பிள்ளை, சென்ற ஆண்டு வரை பிள்ளைக் காம்பராவில் இருந்தது. இன்று அதனைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறார்கள். பெயர் மாறினாலும் மலையில் கொழுந்தெடுக்கும் தாய்க்கு அது பிள்ளைக் காம்பராதான். அங்கிருந்து வந்த பிள்ளைகள் வகுப்பில் வட்டமாக அமர்கின்றன. "நேற்று வீட்டில் என்ன செய்தீர்கள்?" என்று ஆசிரியை கேட்கிறார்.

வெறும் அரட்டைபோல் தோன்றும் இந்த அரைமணி நேரமே அவ்வாரத்தின் மிக முக்கியமான பாடம் என்பது எமது கருத்து. வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக மாற்றுவது மட்டுமன்று. அந்த ஒலி, பிள்ளை ஏற்கெனவே அறிந்த ஒரு சொல்லோடு சேரவேண்டும். பேச்சில் இல்லாத சொல் எழுத்தில் பொருள் தராது. ஐந்து வயதுப் பிள்ளையின் சொற்களஞ்சியத்தை வளர்க்கும் ஒரே வழி, அதனைப் பேசவிடுவதும் அதனுடன் பேசுவதுந்தான். காலையிலிருந்து மாலைவரை மலையில் நின்ற தாய்க்கும், கவ்வாத்து வெட்டிக் களைத்துவரும் தந்தைக்கும் பிள்ளையுடன் நீண்டநேரம் கதைக்க எங்கே நேரம்? வகுப்பறையில் கிடைக்கும் அந்த அரைமணி நேரம் இப்பிள்ளைகளுக்கு வேறெந்தப் பிள்ளையையும்விட அதிகம் தேவைப்படுகிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. "பீலியில் குளித்தேன்" என்கிறது ஒரு பிள்ளை. "லயத்து இஸ்தோப்பில் விளையாடினோம்" என்கிறது இன்னொன்று. பாடநூலின் படத்தில் வீட்டுக்கருகே கிணறும் முற்றமும் இருந்தால், அது இப்பிள்ளை காணாத உலகம். பீலி தவறான சொல்லன்று. மலையகத்தில் நீர் பெறும் இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அனுபவமுள்ள ஆசிரியை பிள்ளையின் சொல்லைத் திருத்துவதில்லை. பீலியைக் கரும்பலகையில் வரைகிறார். அதன் பக்கத்தில் கிணற்றையும் வரைந்து, "யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தண்ணீரை இப்படி அள்ளுவார்கள்" என்கிறார். பிள்ளையிடம் இப்போது இரண்டு சொற்கள் இருக்கின்றன. மாறாக, "பீலி என்று சொல்லக்கூடாது" என்று ஆசிரியர் ஒருவர் கடிந்துகொண்டால், அப்பிள்ளை அடுத்த நாள் வாய்திறக்காது. மலையகப் பிள்ளைகள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்று சமவெளியிலிருந்து வரும் சிலர் சொல்வதுண்டு. அக்கூச்சத்தின் ஒரு பகுதி இவ்வாறு உண்டாக்கப்பட்டதே.

செவ்வாய்க்கிழமை கணிதம். பிள்ளை ஒன்று முதல் இருபது வரை தடையின்றிச் சொல்லும், பெற்றோரும் மகிழ்வர். ஆனால் ஏழு யூகலிப்டஸ் காய்களை முன்னால் வைத்து எண்ணச் சொன்னால் ஒன்பது என்று முடிக்கும். வாய் ஓடுகிறது, விரல் பின்தங்குகிறது. ஒரு காய்க்கு ஓர் எண் என்ற ஒத்திசைவும், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத் தொகை என்ற விளக்கமும் இன்னும் பிறக்கவில்லை. காய்களைச் சற்றுப் பரப்பி வைத்தால் தொகை கூடிவிட்டதாகவும் பிள்ளை நினைக்கும். இதனைக் கொப்பியில் இலக்கங்களை நூறுமுறை எழுதவைத்துத் தீர்க்க முடியாது. கையால் எடுத்து, நகர்த்தி, கூட்டமாக்கி, பிரித்துப் பார்த்தே தீரவேண்டும். அதற்காகவே காய்கள், கூழாங்கற்கள், போத்தல் மூடிகள். பெற்றோர் கண்ணுக்கு விளையாட்டாகத் தெரிவது இதுதான்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்விடயத்தில் ஓர் அனுகூலமும் இருக்கிறது. அதனை நாம் போதியளவு பயன்படுத்துவதில்லை. அதன் உலகம் எண்களால் நிறைந்தது. மலைகளுக்கு நம்பர் உண்டு. அம்மா இன்று ஐந்தாம் நம்பர் மலையில் நிற்கிறார். லயத்துக்கும் காம்பராவுக்கும் நம்பர் உண்டு. கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்க்காத பிள்ளை இல்லை. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பெயர் என்பதும், ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு பிடிக்கப்படும் என்பதும் வீட்டில் அன்றாடம் கேட்கும் பேச்சு. வகுப்பறையின் மூலையில் தடியொன்றையும் இரண்டு சிரட்டைகளையும் கொண்டு தராசு செய்து, இரு பக்கமும் கற்களை வைத்துப் பாரம் எது, இலேசு எது என்று பார்க்கும் பிள்ளை, தன் தாயின் வேலையின் கணக்கைத்தான் தொட்டுப் பார்க்கிறது. செக்றோலில் எத்தனை நாள் விழுந்திருக்கிறது, சம்பளத் துண்டில் எதற்கு எவ்வளவு வெட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பிறரிடம் காட்டிக் கேட்கவேண்டியிருந்த தலைமுறைகள் இம்மண்ணில் வாழ்ந்திருக்கின்றன. அந்நிலை மாறுவது தரம் ஒன்றின் இந்தச் சிரட்டைத் தராசிலிருந்தே தொடங்குகிறது.

புதன்கிழமை எழுத்து. தமிழில் 247 எழுத்துகள் என்று எண்ணி மலைப்பவர்கள் உண்டு. அவற்றில் 216 உயிர்மெய்கள், ஒழுங்காக வரும் குறிகளின் சேர்க்கையே. முறையை விளங்கிக்கொண்டால் சுமை குறையும். ஆயினும் எங்கே தொடங்குவது? அகரவரிசையில் முதலில் நிற்பது 'அ'. வரைவதற்கு அது எளிதன்று. வளைவு, சுழி, கோடு என மூன்று அசைவுகள் வேண்டும். இரண்டு நேர்கோடுகளில் முடியும் 'ட', மூன்று கோடுகளில் முடியும் 'ப', அதில் ஒரு வளைவைச் சேர்த்தால் வரும் 'ம' ஆகியவை கைக்கு எளியவை. இம்மூன்றையும் கொண்டு 'படம்', 'பட்டம்' என்று உடனே வாசிக்கவும் முடியும். ஆகவே வகுப்பில் ட, ப, ம என்ற வரிசை கேட்டால், பிள்ளைக்கு அகரவரிசை தெரியவில்லை என்று பெற்றோர் கலங்கத் தேவையில்லை.

எழுதுவதற்கு முன் கை ஆயத்தமாக வேண்டும். களிமண்ணை உருட்டுதல், கடதாசியைக் கிழித்து ஒட்டுதல், மணல் தட்டில் விரலால் கோடிழுத்தல் என்பன விரல் தசைகளுக்கான பயிற்சிகள். இது புதிய கண்டுபிடிப்புமன்று. மரியா மொண்டிசோரி அம்மையார், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவவைத்துச் சிறுவருக்கு எழுத்தறிவித்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னை அடையாற்றில் தங்கியிருந்த அவர், 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். கொழும்பில் பெரும் கட்டணம் அறவிடும் முன்பள்ளிகள் அவருடைய பெயரைப் பலகையில் எழுதியிருக்கின்றன. அதே முறையைக் களிமண்ணையும் மணலையும் கொண்டு தோட்டத்து ஆசிரியை செய்தால் மட்டும் அது விளையாட்டாகிவிடுகிறது!

பிள்ளை நாள்தோறும் சொல்லும் 'கொழுந்து' என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். முதல் எழுத்தில் ஒரு குறி முன்னால் நிற்கிறது, மற்றொன்று பின்னால் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி. அடுத்து 'ழு', பின் புள்ளி வைத்த மெய், பின் 'து'. பேச எளிதான சொல், எழுத எவ்வளவு கடினம்! இதனால்தான் நல்ல ஆசிரியை அச்சொல்லை எழுதச் சொல்வதில்லை. ஒரு படத்தின் கீழ் ஒட்டிவைக்கிறார். பிள்ளை அதனை முழு உருவமாக அடையாளங்கண்டு வாசிக்கிறது. வாசிப்பு முன்னே போகும், எழுத்து பின்னே வரும். இரண்டையும் ஒரே நாளில் எதிர்பார்ப்பதே பல வீடுகளில் அடியும் அழுகையும் உண்டாகக் காரணம்.

வியாழக்கிழமை மழை. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளில் தகரக் கூரையின்கீழ் கற்பித்தவர்களுக்கே அதன் பொருள் தெரியும். ஆசிரியையின் குரல் முன்வரிசைக்கும் எட்டாது. அதிக தூரம் நடந்துவரும் பிள்ளைகளில் பாதிப்பேர் வரமாட்டார்கள். வந்தவர்களின் பாதணியும் நனைந்திருக்கும். அன்று ஊமை நடிப்பும் சித்திரமுந்தான் பாடம். மழை விட்டதும் சுற்றாடல் சார்ந்த செயற்பாட்டுக்காக வகுப்பு வெளியே வருகிறது. தேயிலைச் செடியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே இருக்கின்றன, தவறணைக் கன்றின் இலைக்கும் முதிர்ந்த செடியின் இலைக்கும் என்ன வேறுபாடு, மரத்தில் குளவிக்கூடு இருந்தால் ஏன் கல்லெறியக்கூடாது என்பனவெல்லாம் பேச்சில் வரும். குளவி கொட்டித் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் செய்தியை வெளியிடாத மாதமே பத்திரிகைகளுக்கு இல்லை என்ற நிலையில், இது சிறிய பாடமன்று.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலுக்குப் பின்னர் இந்தப் பாடத்தின் பொருள் இன்னும் கனமாகிவிட்டது. மண்சரிவினால் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் ஏற்பட்ட உயிரிழப்புகளை நாம் மறக்கவில்லை. சுவரில் திடீரெனத் தோன்றும் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், பீலியில் திடீரெனக் கலங்கி வரும் தண்ணீர் ஆகியன மண் அசைவதன் அறிகுறிகள். இவற்றை ஆறு வயதுப் பிள்ளைக்கும் படமாக வரைந்து காட்டலாம். "இதைக் கண்டால் உடனே பெரியவர்களிடம் சொல்" என்பது அதற்கு விளங்கும். பயமுறுத்தாமல் சொல்வதே ஆசிரியையின் திறமை. வீட்டை இழந்து முகாமில் தங்கியிருந்த பிள்ளை அவ்வகுப்பில் இருந்தால், அது வரையும் படத்தைத் திருத்தாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் கற்பித்தலே.

அதே நாளில் சமய பாடமும் வரும். சைவப் பிள்ளைகளோடு கத்தோலிக்க, கிறிஸ்தவப் பிள்ளைகளும், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற நகரங்களை அண்டிய பாடசாலைகளில் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருப்பது மலையகத்தில் புதிதன்று. கடைவீதியில் முஸ்லிம் வர்த்தகர்களும் தோட்டத்தில் தொழிலாளர்களும் தலைமுறைகளாக ஒரே மொழியில் பழகி வந்திருக்கிறார்கள். தைப்பொங்கல், நோன்புப் பெருநாள், வெசாக், நத்தார் எல்லாம் தரம் ஒன்றின் பேச்சில் வருகின்றன. பொங்கலைப் பற்றி முஸ்லிம் பிள்ளையும் பெருநாள் பலகாரத்தைப் பற்றித் தோட்டத்துப் பிள்ளையும் ஆவலாகக் கதைக்கின்றன. ஆனால் சமய பாடம் தொடங்கியதும் நிலைமை வேறு. இஸ்லாம் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையில் அவ்விரண்டு மூன்று பிள்ளைகள் பின்வாங்கில் அமர்ந்து படம் கீறவேண்டியதுதான். சைவ ஆசிரியர் இல்லாத இடங்களில் இந்துப் பிள்ளைகளுக்கும் இதே கதி. அண்மைப் பாடசாலைகள் சிலவற்றை இணைத்து, வாரத்தில் ஒரு நாள் ஆசிரியர் ஒருவரைச் சுற்றுமுறையில் அனுப்புவது வலயக் கல்வி அலுவலகங்களுக்கு இயலாத காரியமன்று.

வெள்ளிக்கிழமை மதிப்பீடு. வினாத்தாளோ புள்ளியோ இல்லை. பிள்ளை இரண்டு கட்டளைகளைக் கேட்டு ஒழுங்காகச் செய்கிறதா, ஐந்து பொருள்களைப் பிழையின்றி எண்ணுகிறதா, பெயரை அடையாளங்காண்கிறதா, மற்றப் பிள்ளைக்குத் தன் முறையை விட்டுக்கொடுக்கிறதா என ஆசிரியை வாரம் முழுவதும் அவதானித்தவற்றைப் பதிவு செய்கிறார். பிந்தியிருக்கும் பிள்ளைகளுக்கு அடுத்த வாரத்தில் எதனை மீளச் செய்வது என்பதை இப்பதிவே தீர்மானிக்கிறது. ஆங்கிலமும் அன்றைய நாளில் சிறிது வரும். எழுத்தாக அல்ல, செயலோடு இணைந்த வாய்மொழியாக. எழுந்து நில், கதவைத் திற என்பதை ஆங்கிலத்தில் கேட்டுச் செய்வது.

இவ்வளவும் நன்கு நடைபெறும் வகுப்பில். எல்லா வகுப்பும் அவ்வாறு நடைபெறுகிறதா என்று கேட்டால் ஆம் என்று கூற எமக்குத் துணிவில்லை. இதற்கு வரலாறும் காரணம். 1907 ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும் 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தின. விளைவு, லயக் காம்பராவிலோ மடுவத்திலோ ஓர் ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் வைத்துக்கொண்டிருந்த பாடசாலை. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் இப்பாடசாலைகள் தோட்டங்களின் கையிலேயே விடப்பட்டன. 1977 இல் தொடங்கிக் கட்டங்கட்டமாகவே அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. அதாவது, ஏனைய இலங்கைப் பிள்ளைகளைவிட மூன்று தசாப்தங்கள் பிந்தியே இப்பிள்ளைகள் தேசிய கல்வி முறைக்குள் வந்தன. நாற்பது பிள்ளைகளை ஒருவர் அடக்கி வைத்திருந்த அந்தப் பாடசாலையில் பார்த்தெழுதுவதொன்றே இயலக்கூடிய கல்வியாக இருந்தது. இன்றைய பாட்டன், பாட்டிமாரின் நினைவில் படிப்பு என்பது நிரம்பிய கொப்பியாக நிற்பதன் காரணம் இதுவே.

அதன்பின் மாற்றங்கள் வந்தன என்பதையும் மறைக்கக்கூடாது. சுவீடனின் உதவியுடன் பெருந்தோட்டப் பாடசாலைகள் மேம்படுத்தப்பட்டன. ஜேர்மனியின் உதவியுடன் பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி, மலையக இளைஞர்களைப் பயிற்றப்பட்ட ஆசிரியர்களாக்கியது. தோட்டத்தில் பிறந்தவரே தோட்டத்துப் பிள்ளைக்கு ஆசிரியராகும்போது பீலியைப் பற்றி விளக்கவேண்டிய தேவையே இருப்பதில்லை. ஆனால் 2015 ஆம் ஆண்டளவில் ஆசிரிய உதவியாளர்களாக நியமிக்கப்பட்டோர் ஆரம்பத்தில் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவுக்கு வேலை செய்யவேண்டியிருந்ததையும் நாம் பார்த்தோம். பஸ் செலவுக்கே போதாத அத்தொகையைப் பெற்றுக்கொண்டு களிமண்ணும் வர்ணக் கடதாசியும் தம் பணத்தில் வாங்கியவர்கள் உண்டு.

பாடசாலைக்குள் நடக்கும் ஒரு தவறையும் குறிப்பிடவேண்டும். ஒரு தோட்டப் பாடசாலையின் பெயர் புலமைப்பரிசில் பெறுபேற்றினால் அளக்கப்படுகிறது. ஆகவே அதிபர் தம்மிடமுள்ள மிகத் திறமையான ஆசிரியரைத் தரம் ஐந்துக்கு இடுகிறார். தரம் ஒன்று புதிதாக வந்தவருக்கோ, இடமாற்றத்தை எதிர்பார்த்திருப்பவருக்கோ செல்கிறது. அதிபரைக் குறைகூறுவதும் கடினம். அவரிடம் கணக்குக் கேட்பவர்கள் தரம் ஐந்தின் கணக்கையே கேட்கிறார்கள். ஆனால் தரம் ஒன்றில் ஏழு காய்களை எண்ணத் தவறிய பிள்ளையைத் தரம் ஐந்தில் எந்தத் திறமைசாலியும் வெட்டுப்புள்ளிக்கு மேலே தூக்கிவிட முடியாது. அரைச்சுவர்கூட இல்லாத ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்புகள் இயங்கும் இடங்களில், தரம் ஒன்றின் பாட்டும் ஆட்டமும் தரம் ஐந்துக்கு இடையூறாகி, "சத்தம் போடாமல் எழுதுங்கள்" என்று முடிவதும் இதன் தொடர்ச்சியே. இரண்டு மறைப்புத் தட்டிகளுக்கான செலவு பெரிதன்று.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் கொப்பியைத் திறந்து பக்கத்தை எண்ணுவதற்குப் பதிலாக, இந்த வாரம் எதை எண்ணினாய், எதைச் செய்தாய், என்ன கதை கேட்டாய் என்று பிள்ளையிடம் கேட்கலாம். ரொட்டி சுடும்போது எத்தனை ரொட்டி, எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை என்று கேட்பது கணிதமே. கடையில் வாங்கிய பொட்டலத்தில் 'ப' எங்கே, 'ம' எங்கே என்று தேடச் சொல்வது வாசிப்பே. எழுத்தறியாத தாயும் இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம். ஆசிரியையிடம் கேட்பதானால், பிள்ளையின் செயற்பாட்டுக் கோவையையும் அவதானிப்புப் பதிவையும் காட்டும்படி கேட்கலாம். அது பெற்றோரின் உரிமை.

பாடசாலையும் பாதி வழி வரவேண்டும். பெற்றோர் கூட்டம் பெரும்பாலும் வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டப்படுகிறது. அதற்கு வருவதென்றால் தாய் அன்றைய பெயரை இழக்கவேண்டும். பின்னர், பெற்றோருக்கு அக்கறையில்லை என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. அக்கூட்டத்தைக் கொழுந்து நிறுத்து முடிந்த பின்னர், மாலை ஐந்து மணிக்கு, மடுவத்திலேயே வைத்தால் என்ன? ஆசிரியை அந்தச் சிரட்டைத் தராசையும் ஏழு யூகலிப்டஸ் காய்களையும் கையோடு கொண்டுபோனால் போதும்.